கணக்கில் சேராத வாசிப்பு

கேள்வி: எனக்கு வயது 46. ஜனவரியில் இரண்டு தீர்மானங்கள் எடுத்தேன். ஆண்டு முடிவதற்குள் 40 நூல்கள். கூடவே வேதாகமம் முழுவதையும் ஒரு முறை. நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் போட்டு, முடிக்க முடிக்க அடித்துக்கொண்டு வந்தேன். இன்றுவரை முடித்தவை 11. வேதாகமம் நான்காவது ஆகமமான எண்ணாகமத்தோடு நின்றுவிட்டது. மார்ச் மாதம் அப்பா படுக்கையில் விழுந்தார், ஆகஸ்டில் இறந்துவிட்டார். அந்த மாதங்களில் உருப்படியாக எதுவும் வாசிக்கவில்லை. மருத்துவமனையில் அவருக்கு வேதாகமத்திலிருந்து சங்கீதங்களை வாசித்துக் காட்டுவேன். அதுவும் அவர் கேட்ட அதே நாலைந்துதான் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்தின இரவு அப்பா, இயேசு பிறந்த கதையைச் சொல்லும் லூக்கா 2ஆம் அதிகாரத்தை உரக்க வாசிப்பார். நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். இந்த ஆண்டு யார் வாசிப்பது? வீட்டில் ஆண் என்றால் தம்பிதான். அவன் சபைக்கு வருவதை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தனக்கு விசுவாசம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்பவன். அம்மாவுக்குப் பார்வை மங்கி அச்செழுத்து தெரிவதில்லை. இதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. எனக்கோ, இந்த விடுமுறையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏழெட்டு நூல்களையாவது முடித்துவிட வேண்டும் போலிருக்கிறது. தேம்பாவணியும் பட்டியலில் இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை. கர்த்தருக்கு முன் எடுத்த தீர்மானத்தில் தோற்றுவிட்டேன் என்ற குற்ற உணர்வு என்னைத் தின்கிறது. அடுத்த ஆண்டாவது ஒழுங்காக வாசிக்க ஒரு வழி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரிக்கு நான் திரும்பத் திரும்பப் போனேன். "அதே நாலைந்துதான் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை" என்ற வரி. மற்றக் கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். முதலில் இதைப் பேசியாக வேண்டும். இந்த ஆண்டு நீங்கள் வாசித்ததிலேயே பெரிய வாசிப்பு அதுதான். அதைத்தான் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள்.

நான் 31 ஆண்டுகள் நூலகராக வேலை பார்த்தவள். எங்கள் துறையில் நுழைகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளை. நூல்கள் பயன்படுத்துவதற்கே; ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்; ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்; வாசகரின் நேரத்தைச் சேமி; நூலகம் வளர்கின்ற ஓர் உயிர். இந்த ஐந்தில் ஒன்றுகூட "எத்தனை நூல் முடித்தாய்" என்று கேட்கவில்லை. மூன்றாவது விதியை உங்கள் அப்பாவின் கட்டிலருகே வைத்துப் பாருங்கள். அந்த நாலைந்து சங்கீதங்களும் தங்களுக்குரிய வாசகரை வந்தடைந்த இடம் அது. அவருக்குக் கண்ணும் நாவுமாக இருந்து அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நீங்கள்.

ஒரே பகுதியைத் திரும்ப வாசித்தால் அது வாசிப்பாகாது என்ற எண்ணம் எப்படியோ நம் எல்லோருக்குள்ளும் புகுந்துவிட்டது. புத்தகங்களோடு பழகியவர்களுக்குத் தெரிந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். பழைய புத்தகம் ஒன்றை, அதன் முதுகு மேசையில் படும்படி நிமிர்த்திப் பிடித்து, இரண்டு கைகளையும் மெல்ல எடுங்கள். அது பெரும்பாலும் அதிகம் வாசிக்கப்பட்ட பக்கத்தில் தானாகத் திறந்துகொள்ளும். அந்த இடத்தில் தையல் தளர்ந்திருக்கும். பக்கத்தின் கீழ் மூலை விரல் பட்டுப் பட்டு நிறம் மாறியிருக்கும். திருப்பித் தரப்பட்ட நூல்களில் இதை எத்தனையோ முறை செய்து பார்த்திருக்கிறேன். இரவல் சீட்டு முழுக்கத் தேதி முத்திரைகள் இருக்கும், ஆனால் முப்பதாம் பக்கத்துக்கு மேல் தாள் மொடமொடவென்று புதிதாகவே இருக்கும் நூல்கள் உண்டு. நாலைந்து முறைதான் வெளியே போயிருக்கும், ஒரே ஒரு பக்கம் மட்டும் அப்படித் தேய்ந்துபோயிருக்கும் நூல்களும் உண்டு. வாசிக்கப்பட்ட நூல் எது என்று என்னைக் கேட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

பிறருக்கு உரக்க வாசிப்பதும் குறைந்த வாசிப்பு இல்லை. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிப்போய், அவர் வாசிப்பதைக் கேட்கிறார். தனியாக இருந்தும் அந்த மனிதர் வாய்விட்டு வாசித்திருக்கிறார், அதனால்தான் பிலிப்புவின் காதில் விழுந்தது. மிலான் நகரத்துப் பேராயர் அம்புரோஸ் குரல் எழுப்பாமல் கண்களால் மட்டும் வாசித்ததை அகுஸ்தீன் தம் "ஒப்புதல்கள்" என்ற தன்வரலாற்று நூலில் நின்று நிதானித்துக் குறித்து வைத்திருக்கிறார். அந்த நான்காம் நூற்றாண்டு மனிதருக்கு அது குறித்து வைக்க வேண்டிய காட்சியாக இருந்தது. வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்தில் வாசிக்கிறவனுக்கும் கேட்கிறவர்களுக்கும் சேர்த்தே பாக்கியம் சொல்லப்படுகிறது. இந்த வசனத்தை உங்கள் அப்பா அறிந்திருப்பார்.

ஆகவே, இன்றைக்கே அந்த நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். பதினோராவது நூலுக்குக் கீழே, "சங்கீதங்கள், அப்பாவுக்கு, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை" என்று எழுதுங்கள். மாதம் சற்று முன்பின்னாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். எந்தெந்தச் சங்கீதங்கள் என்று எண்களையும் எழுதிவிடுங்கள். இப்போது நன்றாக நினைவிருக்கும். பத்து ஆண்டு போனால் ஓர் எண்ணில் சந்தேகம் வரும். அப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இருக்க மாட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு ஏழெட்டு நூல்களை முடிப்பது பற்றி. இதை நான் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் 100 நூல்கள் என்று இலக்கு வைத்து, டிசம்பர் கடைசியில் பதினேழு குறைந்தபோது, அலமாரியில் இருந்த மெலிந்த நூல்களாகப் பொறுக்கி எடுத்து அடுத்தடுத்துப் படித்து 100ஐத் தொட்டேன். பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பதினேழில் ஒன்றில்கூட என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வாரத்தில் ஒரு நாள் என் அம்மா அறை வாசலில் வந்து நின்று, "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டதும், "இதை முடித்துவிட்டு வருகிறேன்" என்று நான் தலை தூக்காமலே சொன்னதும் மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அடுத்த டிசம்பரில் அவர் இல்லை.

தனிமை வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. அப்பா போய் நாலு மாதம்தான் ஆகிறது. வீடு நிறைய ஆள் வந்து போகும் நாளில் மூச்சு முட்டத்தான் செய்யும். இயேசுவே கூட்டத்தை விட்டு வனாந்தரத்தில் தனித்துப்போய் ஜெபித்தார் என்று லூக்கா எழுதுகிறார். மதியத்தில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம் தனியாக இருந்துவிட்டு வருகிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டே போங்கள். அழுகை வந்தால் அழுங்கள், தூக்கம் வந்தால் தூங்குங்கள், பிடித்த நூலில் பத்துப் பக்கம் படியுங்கள். அந்த நேரத்தில் எண்ணிக்கையைப் பெருக்க மட்டும் வேண்டாம்.

குற்ற உணர்வுக்கு வருகிறேன். தீர்மானம் வேறு, பொருத்தனை வேறு. பொருத்தனை பண்ணிவிட்டு அதைச் செலுத்தாமல் விடுவதைக் காட்டிலும் பண்ணாமலிருப்பதே நலம் என்று வேதாகமத்தின் பிரசங்கி ஆகமம் எச்சரிப்பது தேவனுக்கு நேர்ந்துகொண்டதைப் பற்றி. நீங்கள் ஜனவரியில் முழங்காற்படியிட்டு நேர்ந்துகொண்டீர்களா, அல்லது புது நோட்டில் புது மையால் பட்டியல் எழுதினீர்களா? கடிதத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் அது வேலைத் திட்டம், திட்டத்தைத் திருத்தலாம். இல்லை, உண்மையாகவே நேர்ந்துகொண்டேன் என்றால் உங்கள் போதகரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அந்த இடத்தில் நூலகர் பேசக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த உணர்வு உங்களைத் "தின்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் அதை வாசிப்பின் கணக்கில் எழுதாதீர்கள். அது துக்கம். மனநல ஆலோசகர் ஒருவரைப் போய்ப் பாருங்கள்.

வேதாகமம் எண்ணாகமத்தில் நின்றதற்கு வெறும் கணக்குதான் காரணம். 66 ஆகமங்களில் 1,189 அதிகாரங்கள். 365 நாளில் முடிக்க வேண்டுமென்றால் நாளுக்கு மூன்றேகால் அதிகாரம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. யோசேப்பின் கதையும் செங்கடலும் உங்களை இழுத்துக்கொண்டு போகும். யாத்திராகமத்தின் பின்பாதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும்போதே நடை தளரும். ஜனவரி 28ஆம் தேதி வாக்கில் லேவியராகமம் வந்து நிற்கும். 27 அதிகாரங்கள், பலிகளும் சட்டங்களும். அதைத் தாண்டினால் எண்ணாகமத்தில் கோத்திரக் கணக்கெடுப்பு. அட்டவணைப்படி பிப்ரவரி நடுவில் நீங்கள் எண்ணாகமத்தை முடித்திருக்க வேண்டும். அப்பா விழுந்தது மார்ச்சில். ஆகவே அதற்கு முன்பே நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள். உங்களைப் போலவே ஏராளமானோர் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அப்பாவின் நோய்க்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள், உங்கள் விசுவாசத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துப் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்‌ஷெய்ன் 1842இல் தம் சபையாருக்கு ஓராண்டு வாசிப்பு அட்டவணை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரு முறை. இன்றைக்கும் உலகெங்கும் புழங்கும் அட்டவணை அது. அதைக் கொடுக்கும்போதே அதன் ஆபத்துகளையும் அவர் எழுதிக் கொடுத்தார்: வாசிப்பு வெறும் ஆசாரமாகிவிடலாம், சுயநீதி தலைதூக்கலாம், கருத்தில்லாமல் வாசிக்கலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். அட்டவணை போட்டவரே இப்படிச் சொல்லியிருக்கும்போது, நுகம் கழுத்தை அறுக்கிறது என்று சொல்ல நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அதிகாரத்தை எண்ணுவதே எவ்வளவு பொருத்தமில்லாத அளவு என்று பாருங்கள். 176 வசனங்கள் உள்ள 119ஆம் சங்கீதமும் ஓர் அதிகாரம். இரண்டே வசனங்கள் உள்ள 117ஆம் சங்கீதமும் ஓர் அதிகாரம்.

அடுத்த ஆண்டுக்கு என் யோசனை இது. எண்ணிக்கையை விட்டுவிட்டு, யாரோடு வாசிப்பது என்று முடிவு செய்யுங்கள். அம்மாவால் அச்செழுத்தைப் படிக்க முடியவில்லை. பெரிய எழுத்துப் பதிப்பும் ஒலி வேதாகமமும் உதவும். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் பகல் பொழுதுக்கு அவை நல்லவைதான். ஆனால் மாலையில் கால் மணி நேரம் உங்கள் குரல் இருக்கட்டும். அப்பாவுக்கு வாசித்துப் பழகிய குரல் அது. நின்றுபோன எண்ணாகமத்திலிருந்து தொடங்க வேண்டாம். மாற்குவை எடுங்கள், 16 அதிகாரங்கள், பிறப்புக் கதைகூட இல்லாமல் நேரே யோவான்ஸ்நானனில் தொடங்கி விறுவிறுவென்று போகும். பிறகு எதை வாசிப்பது என்று அம்மாவையே கேளுங்கள். தம்பியிடமும் ஒரு நூல் கேளுங்கள், அவருக்குப் பிடித்த எதுவாக இருந்தாலும் சரி. அதை நீங்கள் முழுமனதோடு வாசித்துவிட்டு அவரிடம் பேசுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவரிடம் அப்படி ஒரு நூலை யாராவது கேட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

தேம்பாவணியைப் பத்து நாளில் முடிக்க நினைத்தது மட்டும் எனக்கு உண்மையிலேயே வருத்தம். வீரமாமுனிவர் மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல்களில் சூசையப்பரை, அதாவது இயேசுவை வளர்த்த தந்தை யோசேப்பைப் பாடிய காப்பியம் அது. சுவிசேஷங்களில் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. தூதன் சொல்கிறான், அவர் எழுந்து செய்கிறார், அவ்வளவுதான். இத்தாலியில் பிறந்து, இந்த மொழியைக் கற்றுத் தேர்ந்த ஒருவர், வாய் திறக்காத அந்த மனிதரை வளன் என்று பெயரிட்டு, காப்பியத் தலைவனாக்கி அத்தனை பாடல் பாடியிருக்கிறார். மாதத்துக்கு மூன்று படலம் என்று உரையோடு வைத்துக்கொண்டு படித்தால் அடுத்த கிறிஸ்துமஸுக்குள் 36 படலமும் வந்துவிடும். வராவிட்டாலும் பாதகமில்லை. அப்பாவை இழந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் படிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்க் காப்பியம் எனக்குத் தெரியவில்லை.

இனி அந்த இரவு. ஆண் என்றால் தம்பிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா கடைசி மாதங்களில் யாருடைய குரலில் வேதத்தைக் கேட்டார்? அந்தக் குரலே போதும். ஆனால் நீங்களாக முடிவெடுப்பதற்கு முன் அம்மாவைக் கேளுங்கள். அவர் வாய் திறக்கவில்லை என்றால் அவர் மனத்தில் எதுவும் இல்லை என்று ஆகாது. "அப்பாவின் இடத்தில் நான் வாசிக்கட்டுமா, இல்லை இந்த ஆண்டு வேண்டாமா?" என்று நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் கொஞ்ச நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் போதும்.

தம்பியை வாசிக்கச் சொல்லிச் சோதிக்காதீர்கள். ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லி எல்லோர் முன்னும் அவரை நிறுத்தவும் வேண்டாம். "நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம்" என்று எழுதினீர்களே, அதில் அவரும் உண்டு என்றுதான் நினைக்கிறேன். விசுவாசம் இல்லை என்று சொல்லிவிட்ட பிறகும் பன்னிரண்டு கிறிஸ்துமஸ் அவர் வந்து உட்கார்ந்து அப்பாவின் குரலைக் கேட்டிருக்கிறார். அது எதனால் என்று அவரைத் துருவ வேண்டாம். அவருக்கும் அப்பா போய்விட்டார்.

லூக்கா 2இல் முதல் 20 வசனங்கள் போதும். நிதானமாக வாசித்தால் நாலைந்து நிமிடம். அப்பாவின் வேதாகமத்திலிருந்தே வாசியுங்கள். முந்தின நாள் தனியாக ஒரு முறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். குடிமதிப்பு, முன்னணை, மேய்ப்பர்கள் என்று வரிசையாக வந்து, 19ஆம் வசனத்தில் மரியாள் அந்தச் சங்கதிகளையெல்லாம் மனத்தில் வைத்துச் சிந்தனைபண்ணுகிற இடத்தில் உங்கள் குரல் உடையக்கூடும். உடைந்தால் நிறுத்துங்கள். யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் புத்தகத்தை அவர் பக்கம் நீட்டாதீர்கள். அவராகக் கை நீட்டினால் கொடுத்துவிடுங்கள்.